இடப்பக்கக் கையெழுத்து

நீள மேசைமேல் பச்சைத் துணி விரித்தாயிற்று. இரண்டு தோல் உறைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாயிற்று. பேனாக்களை எழுதிப் பார்த்து மூடி, கடைசியாக ஒருமுறை இரண்டு பிரதிகளின் கடைசிப் பக்கத்தையும் திறந்தபோதுதான் நாடாக்கா அதைப் பார்த்தாள். மணி ஒன்பது இருபத்தைந்து. பத்து மணிக்குக் கையெழுத்து.

இரண்டு பிரதியிலும் இடப்பக்கம் அவளுடைய நாட்டின் பெயரே இருந்தது.

இதில் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பவர்களுக்கு முறையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டால் மூலப் பிரதி இரண்டு எழுதுவார்கள், ஆளுக்கொன்று. யார் பெயரை முதலில் போடுவது என்பதில் ஒரு காலத்தில் தூதர்கள் முறைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். அதனால் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு நாடும் எடுத்துப் போகும் பிரதியில் அதன் பெயர் முதலில் வரும். அதன் அமைச்சருடைய கையெழுத்து இடப்பக்கம் விழும். அவரவர் பிரதியில் அவரவர் முதல். யாரும் யாருக்கும் கீழே இல்லை. இங்கேயோ, விருந்தாளி நாட்டுக்குப் போக வேண்டிய பிரதியில் அந்த நாடு வலப்பக்கம் ஒதுங்கி நின்றது, பிந்தி வந்தவனைப் போல.

நாடாக்கா வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். ஒப்பந்தத் தாளில் அச்சடிப்பது, ஓரத்தில் துளையிட்டு நாடா கோப்பது, நாடாவின் நுனியைக் கையெழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்து அரக்கு முத்திரை வைப்பது எல்லாம் அவள் கை. நடுவில் ஒரு தாளை உருவி வேறு தாளைச் செருகினால் நாடா காட்டிக் கொடுத்துவிடும். அதற்காகத்தான் அந்தக் கட்டு. அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் அவள் நாடாக்கா. கட்டிய ஒப்பந்தங்களில் ஒன்றுகூட இதுவரை கட்டு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

இந்த ஒப்பந்தம் கைதிகளைப் பற்றியது. ஒரு நாட்டுச் சிறையில் இருக்கும் மறுநாட்டுக் குடிமகன், மீதித் தண்டனையைத் தன் சொந்த நாட்டுச் சிறையில் கழிக்கலாம் என்பது. ஆறு வருடம் இழுத்த பேச்சு. வந்திருக்கும் அமைச்சர் அடுத்த மாதம் பதவி மாறுகிறார் என்று காற்றுவாக்கில் செய்தி. பதினொன்றேகாலுக்கு அவர் விமான நிலையம் கிளம்புகிறார். இன்றைக்கு விட்டால் மறுபடி முதலிலிருந்து.

அந்த நாட்டுச் சிறையில்தான் நாடாக்காவின் தம்பி இருந்தான். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர். மூன்று வருடத்துக்கு முன் அவன் வண்டியில் தடை செய்த சரக்கு அகப்பட்டது. எனக்குத் தெரியாது என்றான், நீதிமன்றம் நம்பவில்லை. நாடாக்கா சில நாள் நம்புவாள், சில நாள் நம்ப மாட்டாள். பதினான்கு வருடத் தண்டனை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம். தம்பி மனைவி வாய்க்காரி. பத்து நிமிடத்தில் எட்டை அவளே பேசிவிடுவாள். அங்கே கொடுத்த தண்டனையை இங்கே எப்படி அண்ணி அனுபவிக்க முடியும், அந்த ஊர் நீதிபதி எழுதினது இந்த ஊர்ப் பூட்டுக்குத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டாள். அதற்குத்தான் ஒப்பந்தம், அதைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நாடாக்காவுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் தெருவெல்லாம் சொல்லுவாள். அலுவலகத்துக்குத் தெரிந்தால் கோப்பு கை மாறிவிடும்.

தப்பு நேர்ந்ததும் அந்தத் தம்பியால்தான். முந்தின நாள் மாலை நாலரைக்கு விருந்தாளி நாட்டிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. இரண்டு நாடாளுமன்றங்களும் ஒப்புதல் கொடுத்த தொண்ணூறாம் நாள் ஒப்பந்தம் நடப்புக்கு வரும் என்றிருந்ததை அறுபதாம் நாள் என்று மாற்றச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல். நாடாக்கா அதைப் படித்ததும் கணக்குப் போட்டாள்: முப்பது நாள் முன்னதாக வருவான். நெஞ்சு குதித்தது. குதித்த குதியில் ஒரு பிரதிக்கான பக்கத்தைத் திருத்தி, அதையே இரண்டு தடவை அச்சடித்துவிட்டாள். இரண்டு பிரதிக்கும் கடைசிப் பக்கம் வேறுவேறு என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்குத் தெரியவில்லை. நாடா கோத்து, அரக்கும் வைத்தாயிற்று. இரண்டு தரப்பும் ஓரத்தில் பெயரின் முதலெழுத்துகளைச் சுருக்கொப்பமாகப் போட்டார்கள்; அவர்களும் அறுபது என்ற சொல்லை மட்டும் பார்த்தார்கள்.

அவள் உறைகளை மூடி எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் ஓடினாள். அவரை முதுகுக்குப் பின்னால் சட்டாம்பிள்ளை என்பார்கள். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் ஆவண அறையின் எட்டு அலமாரிகள் முன்னால் நிறுத்தி ஒரு மணி நேரம் சர்வதேசச் சட்டத்துக்கு அறிமுகம் எடுப்பார். கேட்டவர்கள் தூங்கியதும் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. விழா நாளில் மட்டும் அவருக்கு ரத்த அழுத்தம்.

பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்தது போலாயிற்று. கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா நாடாக்கா?"

"இல்ல சார். நேரா உங்ககிட்டதான் வரேன்."

"அப்ப சொல்லாதீங்க. பேரு எந்தப் பக்கம் இருந்தா என்ன, ஒப்பந்தம் செல்லாம போயிடுமா? அப்புறமா ரெண்டு பக்கமும் கடிதம் எழுதித் திருத்திக்கலாம். அதுக்கு வழி இருக்கு."

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். பிழை இருந்தால் இரு தரப்பும் கடிதம் பரிமாறித் திருத்திக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் உயிர் போகாது. ஆனால் நாடாக்காவுக்கு நான்காவது அலமாரியின் அடித்தட்டு ஞாபகம் வந்தது. அங்கே ஒரு நதி ஒப்பந்தம் படுத்திருக்கிறது, பதினேழு வருடமாக. வேறொரு நாட்டோடு போட்டது. சட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. அந்த நாட்டுப் பத்திரிகைக்காரன் ஒருவன் கையெழுத்துப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டான். நம் அமைச்சரை ஓரத்தில் தள்ளிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அந்த நாடாளுமன்றம் அதைக் கையில் எடுக்கவே இல்லை. செல்லும், ஆனால் நடக்காது. அதை அவள் சொன்னபோது, அது வேறு கதை என்றார் சார். அவருக்கு இன்றைய விழா நடக்க வேண்டும். அவளுக்கு ஒப்பந்தம் நடக்க வேண்டும். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்கு அந்த அறையில் நின்றபோதுதான் உறைத்தது.

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வலப்பக்கம் திரும்பினால் விழா மண்டபம். இடப்பக்கம் திரும்பினால் விருந்தாளிகளுக்கு ஒதுக்கிய அறை. போய்ச் சொன்னால் அவர்கள் அமைச்சரிடம் சொல்லி, அமைச்சர் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். தம்பி இன்னும் பதினோரு வருடம் அங்கேயே. சொல்லாவிட்டால் நாளைக்கோ மறுநாளோ படம் வெளியாகலாம். அப்போதும் பதினோரு வருடம். அவள் புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள்.

விருந்தாளி நாட்டின் ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இந்த ஊரில் சில வருடம் வேலை பார்த்தவர், பேச்சில் தடையில்லை. நாலு நாளாக இரண்டு பேரும் ஒரே மேசையில் தாள்களைச் சரிபார்த்திருக்கிறார்கள். கழுத்துவரை பொத்தான் போட்டது போலக் கறாரான ஆள். நாடாக்கா கதவைத் தட்டி, உறையைத் திறந்து, கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"அம்மா, உங்க பிரதியில நாங்க இடப்பக்கம் இருக்கோம். நேத்து நான் பண்ணின தப்பு."

கண்ணாடியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. அதை விரலால் மூடினார், எடுத்தார்.

"நானும்தான் கவனிக்காம ஒப்பம் போட்டேன்," என்றார். பிறகு, "உங்க மேலதிகாரி சொல்லி அனுப்பினாரா?"

"சொல்லாதேன்னு சொன்னார்."

கண்ணாடியம்மா பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் அவருடைய அமைச்சர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சுவர்க்கடிகாரம் ஒன்பது நாற்பது. அவர் வேலையும் நூலில் தொங்குவது நாடாக்காவுக்குப் புரிந்தது. எழுந்து அந்தக் கதவைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"திரும்பக் கட்ட எவ்வளவு நேரம்?"

"தனியா கட்டினா முக்கால் மணி நேரம். நீங்க கூட இருந்தா அரை மணி."

"கத்திரி எங்க?"

ஆவண அறையை ஒட்டிப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாடாக்காவின் வேலையறை. கண்ணாடியம்மாவே நாடாவை வெட்டினார்; இரு தரப்பும் இருக்கும்போதுதான் வெட்டலாம். நாடாக்கா பக்கத்தைத் திருத்தி அச்சுப்பொறிக்கு அனுப்பினாள். பொறி முனகியது, நின்றது, மறுபடி முனகித் தாளைத் துப்பியது. இரண்டு பேரும் ஒரு தடவை வாய்விட்டும் ஒரு தடவை மனதுக்குள்ளும் படித்தார்கள். விருந்தாளி நாடு இடப்பக்கம். அறுபதாம் நாள். புதுச் சுருக்கொப்பம். முகப்பையும் முன்னுரையையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவை சரியாகவே இருந்தன.

பத்து மணிக்குச் சட்டாம்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். வெட்டிப்போட்ட நாடாவையும் கண்ணாடியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று கையால் கேட்டார். நாடாக்கா பத்து விரல்களையும் விரித்து, மூடி, மறுபடி விரித்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். போனார். சற்று நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பலருடைய காலடிச் சத்தமும், அவருடைய தொண்டைச் செருமலும் கேட்டன. இரண்டு அமைச்சர்களையும் அழைத்து வந்து அலமாரிகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

"இது தூதர்களுக்கான அலமாரி, ஐயா," என்று தொடங்கினார்.

நாடாக்காவுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். எட்டு அலமாரி, இழுத்தால் ஒன்றுக்கு மூன்று நிமிடம், இழுக்காவிட்டால் இரண்டு. முதல் அலமாரியில், தூதரை ஏன் கைது செய்யக்கூடாது, தூதரகத்துக்குள் போலீஸ் ஏன் கேட்காமல் நுழையக்கூடாது என்பது. அவள் பழைய துளைகளுக்கு நேராகப் புதுத் தாளைப் பொருத்தி ஆணியால் துளையிட்டாள். ஒரு துளை ஒரு நூல் தள்ளி விழுந்தது. பரவாயில்லை, நாடா மறைத்துவிடும் என்று கண்ணாடியம்மா சொன்னார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சட்டாம்பிள்ளை கடல் அலமாரிக்கு வந்துவிட்டார். கரையிலிருந்து எவ்வளவு தூரம்வரை ஒரு நாட்டின் கடல், அதற்கப்பால் யாருடைய மீன், யாருக்கும் சொந்தமில்லாத ஆழத்தில் கிடப்பது யாருக்கு. பிறகு வானம்: விமானம் யாரைக் கேட்டு எந்த நாட்டின் தலைக்கு மேல் பறக்கலாம். நாலாவது அலமாரி நதியும் எல்லையும். நாடாக்கா ஊசியில் நாடாவைக் கோக்கப் பார்த்தாள். நுனி காதுக்குள் போகவில்லை. மறுபடி. கை உதறியது.

கண்ணாடியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இதைத்தானே பண்றீங்க? வேலை போயிடும்னா இவ்வளவு நடுக்கம்?"

"என் தம்பி உங்க நாட்டு ஜெயில்ல இருக்கான், அம்மா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்தாவது அலமாரி, வணிகம். சுங்கம், சரக்கு, ஒருவருக்குக் கொடுத்த சலுகையை ஏன் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியம்மா ஊசியை வாங்கினார், நாடாவின் நுனியை உதட்டில் ஈரப்படுத்தினார், ஒரே தடவையில் கோத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பிடிங்க. இறுக்கிக் கட்டுங்க. எங்க ஆளுங்க எதையும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவாங்க."

ஆறாவது அலமாரியில் போர். காயம்பட்டவனைச் சுடக்கூடாது, சரணடைந்தவனைப் பட்டினி போடக்கூடாது, மருத்துவமனையைத் தொடக்கூடாது; சண்டைக்கும் ஒரு வரம்பு. ஏழாவதில் மனிதர்கள்: அகதி, குழந்தை, நாடில்லாதவன், சொந்த அரசே செய்யக்கூடாதவை. அரக்கு உருகி வாசனை வந்தது. நாடாக்கா ஊற்றினாள், கண்ணாடியம்மா தம் நாட்டு முத்திரையை அழுத்தினார், அவள் தன் நாட்டு முத்திரையை அழுத்தினாள். ஆறவேண்டும். இரண்டு பேரும் குனிந்து ஊதினார்கள், சூடான பாலை ஊதுவது போல.

எட்டாவது, குற்றவாளிகள். தப்பி ஓடியவனை ஒப்படைப்பது, கைதியை அனுப்புவது. அங்கே வந்ததும் சட்டாம்பிள்ளை வழக்கமான நகைச்சுவையைச் சொன்னார். "உள்நாட்டுச் சட்டத்துக்குப் பின்னாடி போலீஸ் நிக்கும், ஐயா. இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி வெட்கம் மட்டும்தான் நிக்கும்." அமைச்சர்கள் சிரித்தார்கள்.

பத்து முப்பத்திரண்டுக்குக் கையெழுத்தாயிற்று. அவரவர் பிரதியில் அவரவர் இடப்பக்கம். படம் பிடித்தார்கள். விருந்தாளி அமைச்சர் உறையை வாங்கும்போது கண்ணாடியம்மா பின்னாலிருந்து நாடாக்காவைப் பார்த்தார்; சிரிக்கவில்லை, தலையை மட்டும் லேசாக அசைத்தார். பதினொன்று பத்துக்குக் கார்கள் கிளம்பின.

மத்தியானம் சார் கூப்பிட்டார். அவரை மீறிப் போனதற்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் சொன்னார். நாடாக்கா கேட்டுக்கொண்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது தம்பியைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாளிடம் சொன்னதை இவரிடம் மறைப்பது நியாயமில்லை என்று பட்டது.

சார் கைதிகள் கோப்பை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா இந்தக் கோப்பை உங்க கையில கொடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் சார். அதனாலதான் சொல்லல."

மறுநாளிலிருந்து அவளுக்கு வான் போக்குவரத்து ஒப்பந்தங்கள். கைதிகள் ஒப்பந்தத்தின் எந்தத் தாளையும் இனி அவள் தொடக்கூடாது. எழுத்தில் எதுவும் போடாமல் விட்டது அவர் காட்டிய தயவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசும் நாள். நாலு மணிக்குத் தம்பி மனைவியின் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் போனை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தம்பி மகள், ஒன்பது வயது, பின்கட்டில் பள்ளிக் காலுறை துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தூர தேசத்தில் லாரி ஓட்டுகிறார் என்பது அவளுக்குச் சொல்லி வைத்த கதை. அவளைக் கடைசி ஒரு நிமிடம்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு நாடாக்காவே பேசினாள். முறையாகச் சொன்னாள்: கையெழுத்து ஆகிவிட்டது, இனி இரண்டு நாடாளுமன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் அறுபது நாள், அதற்கப்புறம் மனு. எல்லாம் கூடிவந்தால் அடுத்த வருடம் இந்நேரம். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கேக்குதாடா?"

"கேக்குதுக்கா. அங்க வந்தா எந்த ஜெயில்?"

"நம்ம ஊர்லதான். இங்கருந்து பஸ்ல முக்கா மணி நேரம்."

"பாப்பா வருவாளா?"

அவன் தயங்குவது நாடாக்காவுக்கு உறைத்தது. ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு அவள் கண்முன் வந்தது. எத்தனையோ தடவை அவளே அச்சடித்த வரி: மாற்றத்துக்கு மூன்று சம்மதம் வேண்டும், அந்த நாடு, இந்த நாடு, கைதி. ஆறு வருடமாக எல்லோரும் முதல் இரண்டைப் பற்றியே பேசினார்கள். மூன்றாவதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வேண்டாமென்று எந்தக் கைதி சொல்லுவான்?

"இங்க நான் யாருன்னு யாருக்கும் தெரியாதுக்கா," என்றான் தம்பி. "அங்க வந்தா அவ பள்ளிக்கூடத்துக்கே தெரிஞ்சிடும். அப்பன் ஜெயில்லன்னு. நான் சம்மதம்னு எழுதிக் கொடுக்கணுமாமே. இங்க சொன்னாங்க."

"ஆமாடா."

"யோசிச்சுச் சொல்றேன்."

இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அவன் பாப்பாவைக் கூப்பிடச் சொல்லவில்லை. சாப்பாடு எப்படி, இருமல் எப்படி என்று தம்பி மனைவி எதையெதையோ கேட்டாள். அவன் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றான். மணியடித்தது. அறுந்தது.

அடுத்த அழைப்புக்கு ஒரு மாதம். ஒரு மாதம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் அவன் தனியாக யோசிப்பான். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பான், சரி என்றோ வேண்டாம் என்றோ. எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தக் கடிதப் பரிமாற்றத்தாலும் அதைத் திருத்த முடியாது.

"இந்த மனுஷன் அதுக்குள்ள என்னென்ன நினைச்சுக்குவாரோ," என்றாள் தம்பி மனைவி. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, அவர் யோசிக்கிறது பாப்பாவுக்காகத்தானே. நாமளே அவகிட்ட சொல்லிட்டா?"

"தாங்குவாளா?"

"தெரியல. வேற வழியும் தெரியல." பின்கட்டுப் பக்கம் திரும்பி, "பாப்பா, இங்க வா," என்று கூப்பிட்டாள்.

அப்பாவா என்று கேட்டுக்கொண்டே ஈரக் கையோடு ஓடிவந்த பாப்பா, போன் அணைந்து கிடப்பதைப் பார்த்து நின்றாள். வச்சிட்டாரா, என்கிட்ட பேசலையா என்றாள். தம்பி மனைவி வாயைத் திறந்தாள். மூச்சுவிடாமல் பேசுகிற அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

நாடாக்கா நாற்காலியை இழுத்துப் பாப்பாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். ஈரமாக இருந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"அப்பா இப்ப லாரி ஓட்டலம்மா," என்றாள்.